எழுபத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸின் கையெழுத்துகள்

என் பெயர் வெர்டெல் ஸ்டோக்ஸ். சிகாகோவில் எழுபத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவள். அந்த முப்பத்தொரு வருஷமும் ஜனங்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. லேட்டு என்று திட்டினார்கள், ஹீட்டர் போதவில்லை என்று திட்டினார்கள், ஒரு ஆள் தன் பூனையைக் கூடையில்லாமல் ஏற்ற விடவில்லை என்பதற்காக என் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்தான். ஆனால் மோசடிக்காரி என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. போன டிசம்பரில் வந்தது. அதுவும் வாயால் இல்லை. டைப் அடித்து, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில்.

தபால்காரர் வந்தபோது என் கணவர் லான்சோ அடுப்பில் சோள ரவைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே படித்தேன். படித்து முடித்த பிறகும் நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன வெர்டெல், யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல. என்னைக் குழி தோண்டிப் புதைக்கப் பாக்குறாங்க. நான் கள்ளக் கையெழுத்துப் போட்டேனாம்."

லான்சோ கரண்டியை விட்டுவிட்டு வந்து படித்தார். கஞ்சி அடிப்பிடித்தது. அதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மேயர் தேர்தலில் கட்சி கிடையாது. வாக்குச்சீட்டில் வெறும் பெயர்தான் இருக்கும். பக்கத்தில் கட்சிச் சின்னமான கழுதையும் இருக்காது, யானையும் இருக்காது. யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் நிற்பதற்கு ஊர் வாக்காளர்கள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பேரின் கையெழுத்து வேண்டும். ஒரு ஆள் ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். கையெழுத்து வாங்குகிறவர், ஒவ்வொரு தாளின் அடியிலும், "இவர்கள் என் கண் முன்னால் போட்டார்கள்" என்று சத்தியம் செய்து, முத்திரை அதிகாரி முன்னால் தன் கையெழுத்தைப் போட வேண்டும். அதற்கப்புறம் எதிராளியின் வக்கீல்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொரு கையெழுத்தாகக் கழிப்பார்கள். வீடு மாறியவர், பதிவு இல்லாதவர், கிறுக்கல் ஒத்துப்போகாதவர். எங்கள் ஊரில் தேர்தல் நடப்பது பிப்ரவரியில். பாதிப் பேரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்புவது டிசம்பரிலேயே முடிந்துவிடும்.

நான் கையெழுத்து வாங்கியது ஜெனோபியா க்ரட்சருக்கு. அவள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது, மறுநாள் காலையிலிருந்து நாற்பது நாள், பூட்டிய கேட்டுக்கு வெளியே கையில் மணியோடு நின்று, வராத பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்தவள். போலீஸ் வந்தது. "உங்க பேரும் சொல்லுங்க ஆபீசர், அதையும் எழுதிக்கிறேன்" என்றாள். அப்படிப்பட்ட பெண்பிள்ளை மேயருக்கு நிற்கிறேன் என்றால் நான் வீட்டில் உட்கார்ந்து ஸ்வெட்டரா பின்னுவேன்?

எதிராளி டக்ளஸ் வார்ட்வெல். கட்டடம் கட்டுகிறவர். முகத்தை எங்கள் பஸ்களின் பக்கவாட்டிலேயே ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தார். பஸ் மட்டும் எங்களுடையது, உள்ளே ஏறிய பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவருடைய வக்கீல் அனுப்பிய கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: வெர்டெல் ஸ்டோக்ஸ் கொடுத்த முப்பத்தெட்டுத் தாளில் இருக்கிற ஐந்நூற்று அறுபத்திரண்டு கையெழுத்தும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதியவை. சாட்சி, தெருப் பெயர்கள். ஒவ்வொரு தாளிலும் அவை மேற்கிலிருந்து கிழக்காக வரிசை பிசகாமல் வருகின்றன. ரோட்டில் நின்று கையெழுத்து வாங்கினால் இப்படி வராது. ஆகவே இது மோசடி. ஆகவே முப்பத்தெட்டுத் தாளும் செல்லாது.

நாங்கள் கொடுத்தது பத்தொன்பதாயிரம். கழித்துக் கழித்து, என் தாள்கள் போனால் க்ரட்சரும் போய்விடுவாள் என்கிற இடத்துக்கு வந்திருந்தது கணக்கு.

"வரிசையா இருக்காம்!" என்று நான் லான்சோவிடம் கத்தினேன். "வரிசையா இல்லாம வேற எப்படி இருக்கும்?"

"நீ பஸ்ல போய் வாங்கினேன்னு அவங்களுக்குத் தெரியாது."

"கேட்டா சொல்லியிருப்பேன்ல!"

அதுதான் நடந்தது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நான் என் பழைய பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்து கையெழுத்து வாங்கினேன். மற்றவர்கள் கடை வாசலில், சர்ச் வாசலில், காற்றில் தாள் பறக்க நின்றார்கள். நான் மேற்குப் பக்கம் வெஸ்டர்ன் தெரு முனையில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். காலையில் மட்டும்தான். சாயங்காலம் பஸ் ஏறுகிறவர் வேலை பார்த்த இடத்தில் ஏறுவார், காலையில் ஏறுகிறவர் தன் வீட்டுப் பக்கத்தில் ஏறுவார். இது முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினால் தானாகத் தெரியும். ஆஷ்லண்ட் தெரு ஸ்டாப்பில் ஏறுகிறவர் ஆஷ்லண்டுக்காரர், லூமிஸில் ஏறுகிறவர் லூமிஸ்காரர். அப்படியே ஏரிக்கரை வரை. பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

"மிஸ் வெர்டெல், இது எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள்.

"இதுல கட்சி இல்ல கண்ணு. பேரு மட்டும்தான்."

"கட்சி இல்லாம யாரை நம்பி ஓட்டுப் போடுறது?"

"கட்சி இருந்தப்போ யாரை நம்பி என்னத்தக் கண்ட? போடு கையெழுத்த, அடுத்த ஸ்டாப்புல நாலு பேரு ஏறுவாங்க."

இப்படித்தான் ஐந்நூற்று அறுபத்திரண்டு. அதில் ஒன்று கூட என் கையால் போட்டதில்லை.

விசாரணை அடுத்த வியாழக்கிழமை.  மூன்றாம் நாள் காலையில் லான்சோ காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"விட்டுடேன் வெர்டெல்."

"எதை?"

"அந்தத் தாள்களை. வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிடு. பொய்ச் சத்தியம்னு கேஸ் போட்டா ஜெயிலு. எழுபத்தொரு வயசுல உனக்கு ஜெயிலு வேணுமா? க்ரட்சர் என்ன உன் சொந்தமா?"

"க்ரட்சரை விடு. வாபஸ் வாங்கினா என்ன அர்த்தம்? நான் செஞ்சேன்னு அர்த்தம். நாளைக்கு நான் பஸ்ல ஏறினா அந்த ஜனங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவங்க போட்ட கையெழுத்த, அவங்க போடலன்னு நானே எழுதிக் கொடுக்கவா?"

"நான் உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும். அதனாலதான் காபிய உன் தலையில ஊத்தாம குடிக்கிறேன்."

வியாழக்கிழமை நகர் மையத்துக்குப் போனேன். அரசாங்கக் கட்டடத்தின் கீழ்த்தளம். நீள மேஜைகளில் வரிசையாகக் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குமாஸ்தா, அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்சிக்கும் ஆள். இல்லை, கட்சி இல்லை என்று சொன்னேனே. இரண்டு வேட்பாளருக்கும் ஆள். திரையில் பழைய கையெழுத்து, தாளில் புதுக் கையெழுத்து. "ஒத்துப்போகுது", "போகல", "ஒத்துப்போகுது", "போகல". மாவு மில் மாதிரி சத்தம்.

எங்கள் வக்கீல் டெஸ்மண்ட் டாலிவர் நடைபாதையில் காத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் எப்போது பார்த்தாலும் பல்வலி வந்தவர் மாதிரி இருப்பார். பஸ் சமாசாரத்தை அவரிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது, மறுபடியும் இருண்டது.

"நம்புற மாதிரிதான் இருக்கு மிசஸ் ஸ்டோக்ஸ். ஆனா இது உங்க வாய்வார்த்தை. பட்டியலைப் பாத்து எழுதினவங்களும் இப்படி ஒரு கதை சொல்லலாமே. பஸ்ல வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?"

"பஸ்ஸு இருக்கே. போய்ப் பாக்கச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் பிரெண்டன் கார்மொடி வந்தார். சிவந்த முகம், பளபளவென்று ஷூ, ரொம்ப நாள் பழகினவர் மாதிரி என் தோள் பக்கம் குனிந்து ஒரு சிரிப்பு.

"வெர்டெல், உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு எங்களுக்கு ஆசையே இல்ல. நீங்க உள்ள வந்து சாட்சி சொல்ல வேண்டாம். இப்படியே வீட்டுக்குப் போயிடுங்க. தாள் தானா அடிபட்டுப் போகும். அரசு வழக்கறிஞர்கிட்ட நாங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். உள்ள வந்து சத்தியம் பண்ணிட்டீங்கன்னா, அப்புறம் என் கையில இல்ல."

டாலிவர் என்னைப் பார்த்தார். "முடிவு உங்களோடது. நீங்க போனா நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார் மெதுவாக.

"மிஸ்டர் கார்மொடி, உங்களுக்கு என்னை எத்தனை நாளாத் தெரியும்?"

"இன்னைக்குத்தான்."

"அப்ப நான் மிசஸ் ஸ்டோக்ஸ். எங்கம்மாவை, அவங்க வேலை பாத்த வெள்ளைக்காரங்க வீட்டுல, நாப்பது வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, முதலாளி வீட்டுச் சின்னப் புள்ளைங்க உட்பட. அவங்க பட்டது போதும். வழி விடுங்க, உள்ள போகணும்."

உள்ளே விசாரணை அதிகாரி மிசஸ் ஷிமான்ஸ்கி உட்கார்ந்திருந்தார். நரைத்த முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, பக்கத்தில் இருமல் மிட்டாய்ப் பொட்டலம். பின் வரிசை நாற்காலிகளைப் பார்த்தேன். ஐயோ என்றிருந்தது. எர்னஸ்டீன் பிக்கெட் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், என் பஸ்ஸில் இருபது வருஷமாக ஏறுகிறவள். அவளோடு அந்த பஸ்ஸில் வழக்கமாக ஏறுகிறவர்கள் ஒன்பது பத்துப் பேர், தடித்த கோட்டும் தொப்பியுமாக. ஓரத்தில், கையில் காபி ஃப்ளாஸ்கோடு, லான்சோ. என்னைப் பார்த்ததும் ஃப்ளாஸ்கைத் தூக்கிக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சத்தியம் செய்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கார்மொடி ஆரம்பித்தார்.

"இந்த முப்பத்தெட்டுத் தாளையும் நீங்களே சுத்தினீங்களா?"

"நானேதான்."

"எல்லாரும் உங்க கண் முன்னாடி கையெழுத்துப் போட்டாங்களா?"

"தாள்ல இருக்கிற எல்லாரும். கோடு போட்டு அடிச்சிருக்கேனே பதினோரு பேரு, அதை மட்டும் கணக்குல சேக்காதீங்க. எங்க சர்ச் டீக்கன் ஒருத்தரு தன் பேரும் போட்டுட்டு, வீட்டுல படுத்திருக்கிற பொண்டாட்டி பேரையும் சேத்துப் போட்டாரு. நாப்பத்தஞ்சு வருஷக் கல்யாணம், அவளுக்கும் எனக்கும் ஒரே கைதானேன்னாரு. இங்க அது செல்லாது டீக்கன், வீட்டுல வெச்சுக்குங்கன்னு சொல்லி நானே அடிச்சேன்."

பின்வரிசையில் சிரிப்பு. மிசஸ் ஷிமான்ஸ்கி பேனாவால் மேஜையைத் தட்டினார்.

கார்மொடி ஒரு தாளை எடுத்துப் படித்தார். "ஆஷ்லண்ட். லாஃப்லின். லூமிஸ். த்ரூப். ரேசின். அப்புறம் ஹால்ஸ்டெட், அப்புறம் யூனியன்." அடுத்த தாளை எடுத்தார். "பாலினா. ஆஷ்லண்ட். லாஃப்லின். ரேசின்." அடுத்தது. அடுத்தது. ஒன்பது தாள் படித்தார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். பிரேக்கில் கால் வைக்கிற மாதிரி ஒவ்வொரு பெயருக்கும் என் வலது கால் தானாக அமுங்கியது.

"இதுக்கு என்ன விளக்கம் சொல்றீங்க?"

"பஸ்ஸு அப்படித்தான் போகும்."

பஸ் கதையைச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், சின்னப் பிள்ளை பொய் சொல்வதைக் கேட்கிற மாதிரி.

"பஸ்ஸுக்குள்ள மனு சுத்துறதுக்கு அனுமதி இருக்கா?"

"டிக்கெட் எடுத்து ஏறினேன். சீட்டுல உட்காந்தேன். பக்கத்துல உட்காந்தவங்ககிட்ட பேசினேன். பேசக் கூடாதுன்னு அங்க போர்டு இல்ல. நீங்க பஸ்ல போனதில்லையா?"

"கேள்வி நான்தான் கேக்கணும்."

"போனதில்ல."

"மிசஸ் ஸ்டோக்ஸ், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் மிசஸ் ஷிமான்ஸ்கி. டாலிவருக்குப் பல்வலி அதிகமாகிவிட்டது.

கார்மொடி அறையைப் பார்த்துத் திரும்பினார். "பஸ் கதை கேக்க நல்லா இருக்கு. ஆனா வாக்குச்சாவடிப் பட்டியலும் இதே மாதிரி தெரு வரிசையிலதான் இருக்கு. வீட்டுல உட்காந்து பட்டியலைப் பாத்து எழுதினா அச்சு அசல் இப்படித்தான் வரும். முப்பத்தெட்டுத் தாள். ஒண்ணு விடாம ஒரே தடம். மனுஷங்க வாழ்க்கையில இவ்வளவு ஒழுங்கு கிடையாது."

ஒன்று விடாமல் ஒரே தடம். அந்த வார்த்தை என் காதில் விழுந்து உள்ளே எங்கேயோ இடித்தது. பஸ் ஓட்டினவளுக்குத் தெரியும், ஒரே தடத்தில் ஓடுகிற பஸ் உலகத்தில் கிடையாது.

"முப்பத்தெட்டுமா?" என்றேன்.

"முப்பத்தெட்டும்."

"அக்டோபர் ஒன்பதாம் தேதித் தாளைப் பாத்தீங்களா?"

"எல்லாத் தாளையும் எங்க ஆட்கள் பாத்திருக்காங்க."

"தெருப் பேரைப் பாத்திருப்பாங்க. வீட்டு நம்பரைப் பாத்தாங்களா?"

கார்மொடி காகிதத்தைப் புரட்டினார். டாலிவர் எழுந்து நின்றார். "அதிகாரி அவர்களே, அந்தத் தேதித் தாளை எடுக்கணும்." குரலில் பல்வலி இல்லை.

இருபத்தேழாம் தாள். அடியில் முத்திரை அதிகாரியின் சீல், அக்டோபர் ஒன்பது, அன்றைக்கு மத்தியானமே குத்தியது. நான் எப்போதும் அன்றைய தாளுக்கு அன்றைக்கே சீல் வாங்கிவிடுவேன். டிரைவர் வேலை முடிந்ததும் பதிவேட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், அந்தப் பழக்கம். மிசஸ் ஷிமான்ஸ்கி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தானே வாசித்தார்.

"ஆஷ்லண்ட், ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. லூமிஸ், ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது. ரேசின், ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு." நிறுத்தினார். "இந்தியானா, எட்டாயிரத்து இருநூற்று முப்பத்தேழு. பிரெய்ரி, எட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தொன்று. எபர்ஹார்ட், எட்டாயிரத்து முந்நூற்று ஒன்பது. செயின்ட் லாரன்ஸ், எட்டாயிரத்து இருநூற்று நாற்பத்துநாலு." மறுபடியும் நிறுத்தினார். "மேரிலண்ட், ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு." எங்கள் ஊரில் வீட்டு நம்பர் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் என்றால் வீடு எழுபத்தொன்பதாம் தெருப் பக்கம், எட்டாயிரத்து முந்நூறு என்றால் எண்பத்துமூன்றாம் தெருப் பக்கம்.

"நாலு பிளாக் தெற்கே எறங்கிப் போயிட்டு மறுபடி மேல வந்திருக்கு, இல்லீங்களா?" என்றேன். "அன்னைக்குக் காலையில எழுபத்தொன்பதாம் தெருவுல பெரிய தண்ணிக் குழாய் வெடிச்சுப் போச்சு. ரோடே குளம். பஸ்ஸை ஹால்ஸ்டெட்ல தெற்கே திருப்பி, எண்பத்துமூணாம் தெரு வழியா விட்டு, காட்டேஜ் குரோவ்ல பழையபடி மேல கொண்டுவந்தாங்க. அந்த எண்பத்துமூணாம் தெரு ஜனங்களுக்கு வாசல்லயே பஸ்ஸு வந்துது, அதிர்ஷ்டம்னு ஏறினாங்க. நான் கையெழுத்து வாங்கினேன்."

 நான் கார்மொடியைப் பார்த்தேன்.

"உங்க பட்டியலை எடுங்க மிஸ்டர் கார்மொடி. அது எங்கயாவது குழாய் வெடிச்சுதுன்னு சுத்திப் போகுதான்னு பாருங்க."

"குழாய் வெடிச்சதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். ஷூவின் பளபளப்பு மட்டும் அப்படியே இருந்தது, முகத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"நான் இருந்தேன்யா அந்த பஸ்ல!" பின்னாலிருந்து எர்னஸ்டீன். "நாப்பது நிமிஷம் லேட்டு! என் மேஸ்திரி என்னைப் பேசின பேச்சுக்கு நீ ஆதாரம் கேக்குறியா?"

"அம்மா, உட்காருங்க!"

"உட்காந்துதான் இருக்கேன், குரல்தான் நிக்குது!"

மிசஸ் ஷிமான்ஸ்கி சிரிப்பை இருமலாக்கி, ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். குமாஸ்தாவிடம் பஸ் நிர்வாகத்தின் பழைய அறிவிப்புகளைத் தேடச் சொன்னார். மூன்று நிமிஷம் ஆனது. லான்சோ மூடியில் காபி ஊற்றி எர்னஸ்டீனுக்குக் கொடுத்தார். எனக்குக் கொண்டுவந்த காபி அது.

குமாஸ்தா திரையிலிருந்து படித்தார். "அக்டோபர் ஒன்பது. தடம் எழுபத்தொன்பது. காலை ஆறு நாற்பது முதல் பதினொன்று பதினைந்து வரை மாற்றுப் பாதை. ஹால்ஸ்டெட், எண்பத்து மூன்றாம் தெரு, காட்டேஜ் குரோவ்."

கார்மொடி காகிதங்களை அடுக்கினார். "எங்களுக்கு வேற கேள்வி இல்ல."

"சாட்சி எறங்கலாம்" என்றார் மிசஸ் ஷிமான்ஸ்கி.

நான் இறங்கவில்லை.

"மிசஸ் ஸ்டோக்ஸ், முடிஞ்சுது. நீங்க எறங்கலாம்."

"முடியலம்மா. என் வீட்டுக்கு ஒரு கடிதாசி வந்துச்சு. அதுல மோசடின்னு ஏழு எடத்துல இருக்கு, நான் எண்ணிப் பாத்தேன். ஆறு தெருவுக்கு என்னைத் தெரியும். என் கையெழுத்து சரியில்லன்னு சொல்லுங்க, அட்ரஸ் சரியில்லன்னு சொல்லுங்க, எத்தனை வேணா கழிச்சுக்குங்க. இந்த வார்த்தையை எழுதினவரே திருப்பி எடுத்துக்கணும். இந்த ரூம்ல, வாயால. அதுவரைக்கும் நான் இங்கதான் உட்காந்திருப்பேன். முப்பத்தொரு வருஷம் ஒரே சீட்டுல உட்காந்தவ நான், எனக்குக் கால் மரத்துப் போகாது."

டாலிவர் "மிசஸ் ஸ்டோக்ஸ்..." என்று ஆரம்பித்து, என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

மிசஸ் ஷிமான்ஸ்கி கார்மொடியைப் பார்த்தார். "அந்தக் குற்றச்சாட்டை நீங்க இன்னும் வற்புறுத்துறீங்களா?"

கார்மொடி பேனாவை மூடி வைத்தார். 

"மோசடிங்கிற குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக்கிறோம்" என்றார் மேஜையைப் பார்த்து.

"யார் மேல?" என்றேன்.

"மிசஸ் வெர்டெல் ஸ்டோக்ஸ் மேல சுமத்தின குற்றச்சாட்டை."

"எழுதிக்கிட்டீங்களாம்மா?" என்று சுருக்கெழுத்துக்காரப் பெண்ணிடம் கேட்டேன். அவள் கட்டைவிரலைக் காட்டினாள். அதற்கப்புறம்தான் இறங்கினேன். முழங்கால் சத்தியமாக மரத்துப் போயிருந்தது, ஆனால் அதை அவர்களுக்கு முன்னால் காட்டவில்லை. கதவுக்கு வெளியே வந்ததும் லான்சோவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காபி தீந்து போச்சு" என்றார் அவர்.

"பாத்தேன்."

"வாபஸ் வாங்குன்னு நான் சொன்னேன்ல, அதைத் தப்பான ஆளுகிட்ட சொல்லிட்டேன்."

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. என் ஐந்நூற்று அறுபத்திரண்டில் முப்பத்தொன்று போயின. வீடு மாறினவர்கள், வேறு வேட்பாளருக்கு முதலிலேயே போட்டுவிட்டு என்னிடமும் போட்ட மகானுபாவர்கள். மிச்சம் ஐந்நூற்று முப்பத்தொன்றும் நின்றன. க்ரட்சருக்கு மொத்தம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு பேர் மிச்சம், இரண்டு பஸ் நிறைய ஜனம். அவ்வளவுதான் வித்தியாசம்.

க்ரட்சர் போன் பண்ணி அழுதாள். "நாப்பது நாள் தெருவுல நின்னப்போ அழல, இப்ப எதுக்கு அழற? மணியைத் துடைச்சு வை" என்றேன். வாக்குச்சீட்டில் யார் பெயர் எங்கே என்று குலுக்கிப் போட்டார்கள். ஒன்பது பேரில் வார்ட்வெல் முதல், க்ரட்சர் கடைசி.

ஜனவரியில், பனி கொட்டுகிற ஒரு காலையில், மறுபடியும் வெஸ்டர்ன் முனையில் நின்றேன். கையில் மனுவெல்லாம் இல்லை, க்ரட்சரின் பெயர் அச்சடித்த துண்டுச் சீட்டு மட்டும்தான். பஸ் வந்தது, பக்கவாட்டில் வார்ட்வெல்லின் முகம் ஆளுயரத்துக்கு; மூக்கு மேல் சேறு அடித்திருந்தது. டிரைவர் லட்ரீஸ் கதவைத் திறந்தாள்.

"குட்மார்னிங் மிஸ் வெர்டெல். உங்களைத் தூக்கி உள்ள போடப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்களே?"

"போடத்தான் பாத்தாங்க. நான் பெரிய உருப்படி, வாசல்ல நுழையல."

முதல் சீட்டில் உட்கார்ந்தேன். ஆஷ்லண்டில் நாலு பேர் ஏறினார்கள். லூமிஸில் தொப்பி போட்ட ஒரு கிழவர் ஏறினார். செப்டம்பரில் எனக்குக் கையெழுத்துப் போட்டவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நம்ம பொம்பள ஓட்டுச் சீட்டுல இருக்காளா, இல்ல அடிச்சுட்டாங்களா?"

"இருக்கா."

"ஒன்பது பேராமே. பேப்பர்ல போட்டிருக்கான், அவ கடைசியில கெடக்காளாம். கட்சியும் இல்ல, சின்னமும் இல்ல. கடைசிப் பேரை எவன் தேடிக் கண்டுபிடிப்பான்?"

நான் சீட்டிலிருந்து எழுந்தேன். பஸ் ஓடும்போது எழுந்து நிற்காதீர்கள் என்று முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மேலேருந்து படிக்காதீங்க. கீழேருந்து படிங்க. முதல் பேரு நம்மதுதான்."

லட்ரீஸ் எதற்கோ நீளமாக ஹாரன் அடித்தாள். ரோட்டில் குறுக்கே எதுவும் வரவில்லை.

"அடுத்த நிறுத்தம் ரேசின்" என்றாள் ஒலிபெருக்கியில்.

நான் துண்டுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு முன்கதவுப் பக்கம் போய் நின்றேன்.